சந்தேகத் தோமாவும் மயிலாப்பூர் கல்லறையும்

கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாகக் கேள்வி கேட்டால் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும். "சந்தேகத் தோமா மாதிரி பேசாதே!" நோவாவின் பேழையில் டைனோசர் ஏறியதா என்று சண்டே ஸ்கூலில் கேட்டவனுக்கும் இதே பதில்தான். நான்கு சுவிசேஷங்களும் ஏன் ஒரே சம்பவத்தை நான்கு விதமாகச் சொல்கின்றன என்று கேட்ட கல்லூரி மாணவிக்கும் இதே பதில்தான். கேள்விக்குப் பதில் தெரியாதபோது கேட்டவருக்குப் பெயர் வைத்துவிடுவது சுலபமான வழி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆதாரம் காட்டினால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்த அந்த மனிதரின் பெயரில்தான் சென்னையில் ஒரு பேட்டையே இருக்கிறது. சாந்தோம் என்பது போர்ச்சுகீசியர்கள் வைத்த பெயர். புனித தோமா என்று அர்த்தம். பரங்கிமலை அவர் உயிர் விட்ட இடம் என்கிறார்கள். சைதாப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார் என்கிறார்கள். சாந்தோம் பேராலயத்தின் அடியில் இருப்பது அவருடைய கல்லறை என்கிறார்கள். கி.பி. 52ல் கேரளத்துக்கு வந்தார், 72ல் சென்னையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்று ஆண்டுக்கணக்கு கூட உண்டு.

சரி, இதற்கெல்லாம் ஆதாரம் என்ன? தோமாவே கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இதைக் கேட்டால் விசுவாசம் போய்விடுமா, அல்லது கேட்காமல் இருந்தால்தான் போய்விடுமா?

முதலில் ஆள் யார் என்று பார்க்கலாம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பன்னிரண்டு சீடர்களின் பட்டியலில் தோமாவின் பெயரைச் சேர்த்ததோடு சரி. ஒரு வசனம் கூடப் பேசவிடவில்லை. யோவான் மட்டும்தான் அவருக்கு வாய் கொடுக்கிறார். அதுவும் மூன்று இடங்களில் முக்கியமாக. லாசருவின் ஊருக்குப் போனால் ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கும்போது, வாருங்கள், நாமும் அவரோடு போய்ச் சாவோம் என்கிறார். கடைசி இரவு உணவின்போது, நீர் போகிற இடமே எங்களுக்குத் தெரியாது, வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மூன்றாவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உயிர்த்தெழுந்தவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார்.

முதல் இரண்டையும் மறந்துவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்து அவருக்குப் பெயர் சூட்டிவிட்டோம். சாகவும் தயார் என்று சொன்னவர் என்பதற்காக யாரும் 'தைரியத் தோமா' என்று சொல்வதில்லை!

அது மட்டுமல்ல. தோமா என்பது உண்மையில் பெயரே இல்லை. அரமேய மொழியில் அதற்கு 'இரட்டைப் பிறவி' என்று பொருள். யோவான் அதோடு சேர்த்துச் சொல்லும் 'திதிமு' என்பது கிரேக்கத்தில் அதே இரட்டையைக் குறிக்கும் சொல். தமிழ் பைபிளில் இரண்டுமே மொழிபெயர்க்கப்படாமல் ஒலியாகவே நிற்பதால் வாசிக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. சிரியாவின் பழைய கிறிஸ்தவ நூல்கள் அவருடைய சொந்தப் பெயர் யூதா என்று சொல்கின்றன. யாருடன் பிறந்த இரட்டை என்பதை யோவான் சொல்லவில்லை. ஆக, ஒரு பேட்டைக்கும் ஒரு ரயில் நிலையத்துக்கும் பெயர் கொடுத்தவரின் பெயரே ஒரு பட்டப்பெயர்தான்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். தோமா காயத்தைத் தொட்டாரா? பெரும்பாலானவர்கள் தொட்டார் என்றே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1600களின் தொடக்கத்தில் வரைந்த புகழ்பெற்ற படத்தில் விரல் காயத்துக்குள்ளேயே போகிறது. ஆனால் யோவானின் இருபதாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால், தொட்டுப் பார் என்று இயேசு அழைப்பது இருக்கிறது, தோமா அவரைக் கடவுள் என்று அறிக்கை செய்வது இருக்கிறது. நடுவில் தொட்டதாக ஒரு வார்த்தை இல்லை. நூற்றுக்கணக்கான முறை கேட்ட பகுதியில் கூட இல்லாததை நாமே சேர்த்து வாசிக்கிறோம். விவிலிய ஆய்வு என்றதும் ஏதோ நம்பிக்கையை உடைக்கும் வேலை என்று பலர் பயப்படுகிறார்கள். அதன் முதல் பாடம் ரொம்ப சாதாரணமானது: எழுதியிருப்பதை மட்டும் வாசி.

இதே பகுதியை வைத்து அறிஞர்களிடையே பெரிய விவாதமும் உண்டு. 1945ல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் கிடைத்த பழைய சுவடிகளில் 'தோமா சுவிசேஷம்' என்ற நூலும் இருந்தது. கதை இல்லை, சிலுவை இல்லை, இயேசு சொன்னதாக 114 வாசகங்கள் மட்டும். தோமாவைத் தங்கள் குருவாகக் கொண்ட இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பதில் சொல்லத்தான் யோவான் தோமாவைச் சந்தேகக்காரராகக் காட்டினார் என்று எலைன் பேகல்ஸ் போன்றவர்கள் வாதாடுகிறார்கள். பேகல்ஸ் இதை 2003ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். யோவானுக்கு அப்படியொரு உள்நோக்கம் இருந்ததாகக் காட்ட முடியாது என்று மறுப்பவர்களும் நிறைய. எந்தப் பக்கம் சரி என்பது இருக்கட்டும். முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதாவது இதிலிருந்து தெரிகிறது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம்.

தோமா இந்தியாவுக்குப் போனார் என்று விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அநேகமாக எடெஸ்ஸா நகரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. எடெஸ்ஸா இன்று துருக்கியில் இருக்கிறது. பைபிளில் சேர்க்கப்படாத நூல் இது. ஆனால் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக் கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. நான் எபிரேயன், இந்தியர்களிடம் போய் எப்படிப் பேசுவேன், வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று அடம் பிடிக்கிறார். கடைசியில் இயேசுவே அவரை ஹப்பான் என்ற வியாபாரிக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்!

தோமா தச்சுவேலையும் கட்டட வேலையும் தெரிந்தவர். கோண்டபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லி அவரிடம் பணம் கொடுக்கிறான். தோமா அதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். எங்கே அரண்மனை என்று அரசன் கேட்டால், கட்டியாகிவிட்டது, ஆனால் இறந்த பிறகுதான் பார்க்க முடியும் என்கிறார். அரசன் அவரைச் சிறையில் தள்ளுகிறான். அதற்குள் அரசனின் தம்பி இறந்து, பரலோகத்தில் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உயிரோடு வந்து, அதை எனக்கு விற்றுவிடு என்று அண்ணனிடம் கெஞ்சுகிறான்.

இதை யாரும் வரலாறு என்று எடுத்துக் கொள்ளமாட்டார்கள். கோண்டபோரஸ் என்று ஒரு அரசன் இருந்தானா என்பதே 19ஆம் நூற்றாண்டு வரை யாருக்கும் தெரியாது. 1830களில் காபூல் பக்கத்திலிருந்து பழைய காசுகள் கிடைக்கத் தொடங்கின. அவற்றில் அவன் பெயர் இருந்தது. பிறகு பெஷாவர் பகுதியில் தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைத்து, அவன் முதல் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவன் என்று அறிஞர்கள் கணித்தார்கள். தோமாவின் காலம்தான்!

உடனே கைதட்டிவிடக் கூடாது. அரசன் நிஜம் என்பதால் கதை நிஜம் ஆகிவிடாது. பொன்னியின் செல்வனில் ராஜராஜன் நிஜம், அதனால் ஆழ்வார்க்கடியானும் நிஜம் என்று சொல்ல முடியுமா? அதோடு, கோண்டபோரஸ் ஆண்டது வடமேற்கில். இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதி. மயிலாப்பூர் எங்கே, தட்சசீலம் எங்கே! கதையின் பிற்பாதியில் தோமா வேறொரு அரசனின் நாட்டில் நான்கு வீரர்களின் ஈட்டியால் கொல்லப்படுகிறார். அந்த ஊர் எது என்பதற்கு நூலில் பதில் இல்லை. மயிலாப்பூர் என்ற பெயரும் இல்லை.

நூலின் முடிவு முக்கியமானது. தோமாவின் எலும்புகளை ஒரு சீடர் ரகசியமாக மேற்கே கொண்டு போய்விடுகிறார். பிற்பாடு அந்த அரசனின் மகனுக்கு நோய் வருகிறது. எலும்பைத் தொட்டால் குணமாகும் என்று கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை. அங்கே இருந்த மண்ணை எடுத்து மகன் மேல் போடுகிறான், குணமாகிறது.

எலும்பு மேற்கே போனது பற்றி வேறு சாட்சிகளும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் எடெஸ்ஸாவில் வாழ்ந்த கவிஞர் எப்ரேம், இந்தியாவிலிருந்து ஒரு வியாபாரி கொண்டு வந்த எலும்புகளைப் பற்றிப் பாடியிருக்கிறார். பிறகு அவை கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போய், 1258ல் இத்தாலியின் ஒர்தோனா நகரத்துக்குச் சேர்ந்தன என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. இன்றும் அங்கே ஒரு தோமா பேராலயம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஜூலை 3ஆம் தேதி தோமா திருநாள் கொண்டாடுகிறதே, அந்தத் தேதியே எலும்புகள் எடெஸ்ஸாவுக்கு மாற்றப்பட்டதை நினைவுகூரும் பழைய நாள்தான். அதாவது, சாந்தோமில் விமரிசையாகக் கொண்டாடப்படுவது அவர் இந்தியாவை விட்டுப் போன நாள்!

அப்படியானால் மயிலாப்பூர் கதை போர்ச்சுகீசியர்கள் கட்டிவிட்டதா? பலர் இப்படிச் சொல்கிறார்கள். இதுவும் சரியில்லை. போர்ச்சுகீசியர்கள் வருவதற்கு இருநூறு வருடங்களுக்கு மேலே முன்பு, 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மாபார் கடற்கரையில் ஒரு சிறிய ஊரில் தோமாவின் கல்லறை இருப்பதாக எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள் என்கிறார். அங்கிருந்து சிவப்பு மண் எடுத்துப் போய் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள் என்றும் சொல்கிறார்.

மண்! மூன்றாம் நூற்றாண்டு சிரியாக் நூலில் வந்த அதே மண். நூலைப் படித்து இந்த வழக்கம் வந்ததா, அல்லது ஏதோ ஒரு கல்லறையில் இருந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டு நூல் எழுதப்பட்டதா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். தோமா ஈட்டியால் சாகவில்லையாம். காட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள் மேய்ந்து கொண்டிருந்தன, மயில் பிடிக்க வந்த வேடன் விட்ட அம்பு தவறி இவர் மேல் பாய்ந்தது என்று அந்த ஊர் ஜனங்கள் சொன்னார்களாம். மயிலையைத் தெரிந்தவர்களுக்கு இது எங்கேயிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வதி மயிலாக வந்து சிவனைப் பூஜித்த ஊர் அல்லவா! கற்பகாம்பாளின் மயில் தோமாவின் கதைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரே ஊரில் இருப்பவர்கள் கதைகளையும் கடன் வாங்கிக் கொள்வார்கள் போலிருக்கிறது.

1516 வாக்கில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுகீசியர், பாதி இடிந்த அந்தக் கோவிலை ஒரு முஸ்லிம் பக்கீர் பார்த்துக்கொண்டார், பிச்சை எடுத்து விளக்கு ஏற்றி வந்தார் என்கிறார். மயிலைக் கல்லறையின் வரலாற்றில் மிக அழகான செய்தி இதுதான்.

1523ல் போர்ச்சுகீசியர்கள் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஈட்டி முனை, மண் நிரம்பிய பானை கிடைத்ததாக எழுதி வைத்தார்கள். தேடிப் போனவர்களுக்குத் தேடியதே கிடைத்தால் வரலாற்றாசிரியர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். 1547ல் பரங்கிமலையில் தோண்டியபோது எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அது வியர்வை விடுவதாக 1558லிருந்து 1704 வரை பலமுறை சொல்லப்பட்டது. எழுத்து யாருக்கும் புரியவில்லை. கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வாக்கியம் வீதம், தோமா வந்தது, கோவில் கட்டியது, ஜெபிக்கும்போது கொல்லப்பட்டது என்று முழு வரலாற்றையும் வாசித்துக் காட்டிவிட்டார்! கேட்டவர்களுக்கு ரொம்ப சந்தோஷம். மூன்று நூற்றாண்டுகள் இந்த வாசிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

1873ல் ஏ.சி. பர்னெல் அது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று கண்டு சொன்னார். சிலுவை ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை வெட்டிய மனிதர் தனக்காகக் கேட்ட ஒரு சிறிய மன்றாட்டு என்றே பிற்கால அறிஞர்கள் பலர் வாசிக்கிறார்கள். அதில் தோமாவின் பெயர் இல்லை. இதேபோன்ற சிலுவைகள் கோட்டயம் போன்ற கேரள ஊர்களிலும் இருக்கின்றன.

இதை நஷ்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் லாபம் அல்லவா? பொய்யான வாசிப்பு போய், நிஜமான ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன் கடல் கடந்து இந்த மலைக்கு வந்த ஒரு பாரசீகக் கிறிஸ்தவர், கல்லில் சிலுவை வெட்டி, எனக்கு இரங்கும் என்று கேட்டிருக்கிறார். சென்னைக் கிறிஸ்தவத்துக்குப் போர்ச்சுகீசியருக்கு முந்தைய ஆயுள் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

ஆதாரப் பசி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு உதாரணமும் இதே ஊரில் உண்டு. திருவள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தார் என்பது ஒரு மரபு. அவருக்குக் கோவிலும் இருக்கிறது. 1886ல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப், மயிலைக் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு பேசியிருக்கலாம் என்று கற்பனை செய்தார். பிற்காலத்தில் இது தோமாவே வள்ளுவருக்குக் குரு என்ற அளவுக்குப் போனது. தமிழறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1970களில், இதற்கு ஓலைச்சுவடி ஆதாரம் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் திருச்சபைத் தலைமையில் இருந்தவரிடம் லட்சக்கணக்கில் பணம் வாங்கி, போலி ஆதாரங்களைக் கொடுத்து, விஷயம் சென்னை நீதிமன்றம் வரை போய்த் தண்டனையில் முடிந்தது. ஏமாந்தவர் முட்டாள் அல்ல, படித்தவர். ஆனால் எந்தப் பதில் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் தேடினால், அந்தப் பதிலைத் தயாரித்துக் கொடுக்கவும் ஒருவர் வந்து சேருவார்.

இன்னொரு உண்மையையும் கிறிஸ்தவர்கள் ஒதுக்கிவிட முடியாது. மயிலையின் பழைய கபாலீசுவரர் கோவில் கடலோரத்தில் இருந்தது. சம்பந்தரின் பாட்டில் மயிலைக்குப் பக்கத்தில் அலை கேட்கிறது. சாந்தோம் பகுதியில் பழைய கோவிலின் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இன்றைய கோவில் கடலைவிட்டு உள்ளே தள்ளிப் பிற்காலத்தில் கட்டப்பட்டது. போர்ச்சுகீசியர் காலத்தில்தான் பழைய கோவில் அழிந்தது என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. தோமா வந்தாரா என்று ஆராய்கிறவர்கள் இதையும் அதே நேர்மையோடு ஆராய வேண்டும். தனக்குப் பிடித்த கல்வெட்டை மட்டும் வாசிப்பது ஆராய்ச்சி ஆகாது.

அப்படியென்றால் முடிவு என்ன? தோமா வந்திருக்க முடியும். முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றில் கப்பல்கள் வந்து போயின. அரிக்கமேட்டில் ரோமானியப் பானைகள் கிடைத்திருக்கின்றன. தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ஆனால் 'வந்திருக்க முடியும்' என்பது வேறு, 'வந்தார்' என்பது வேறு. 1984ல் இந்தியக் கிறிஸ்தவ வரலாறு பற்றி இரண்டு பெரிய நூல்கள் வெளிவந்தன. கேரளத்துக் கத்தோலிக்கக் குருவான ஏ.எம். முண்டாடன், தென்னிந்திய மரபை நம்ப வலுவான காரணம் இருக்கிறது என்றார். திருநெல்வேலியில் ஆயராக இருந்த ஸ்டீபன் நீல், கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும் உறுதி வரலாற்றாசிரியனுக்கு வர வழியில்லை என்றார். இருவருமே விசுவாசிகள். ஒரே ஆதாரங்களைப் பார்த்தவர்கள்.

2006 செப்டம்பர் 27 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் தன் புதன்கிழமை உரையில், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவுக்குப் பரவியது என்ற பொருளில் பேசினார். கேரளத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு வெளியான வடிவத்தில் தோமாவே தென்னிந்தியாவுக்கும் வந்தார் என்று மாறியிருந்தது. ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருக்கு வலித்தது என்பதையும் யோசிக்க வேண்டும். நீங்கள் வெள்ளைக்காரன் மதத்துக்குப் போனவர்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு, எங்கள் கிறிஸ்தவம் ஐரோப்பாவுக்கும் மூத்தது என்பது வெறும் தேதி அல்ல, மானம்.

இந்த விவாதம் எதுவும் சாந்தோம் கல்லறைக்கு வருகிறவர்களைத் தொடுவதில்லை. படி இறங்கிப் போனால் சிறிய ஜெப அறை. தேர்வு எழுதப் போகும் பிள்ளை, வேலை கிடைக்காதவர், வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அம்மா. தி.நகரில் கடை அடைத்துவிட்டு வருகிறவரும் அடையாறிலிருந்து நடைப்பயிற்சியோடு வருகிறவரும் உண்டு. நெற்றியில் விபூதியோடும் வருவார்கள், தலையில் முக்காட்டோடும் வருவார்கள். அவர்கள் பர்னெல் என்ன வாசித்தார் என்று கேட்பதில்லை. பக்கீர் ஏற்றிய விளக்கின் தொடர்ச்சியாகத்தான் இவர்கள் நிற்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் கண்ணீரோடு வந்து நிற்கிற இடம் என்பதற்கு எந்த ஆதாரமும் தேவையில்லை. அது கண்ணெதிரே இருக்கிறது.

அதனால், ஜனங்கள் நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆராய்ச்சி எதற்கு என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதற்கு 2004 சுனாமி ஒரு காரணம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் மெரினாவிலும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் புகுந்தது. சென்னையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்த சாந்தோம் ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. தோமா நட்டு வைத்ததாகச் சொல்லப்படும் கம்பம் ஒன்று ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடல் இதைத் தாண்டாது என்று அவர் சொன்னதாகக் கதை. சுனாமிக்குப் பிறகு இந்த அற்புதச் செய்தி பத்திரிகைகளிலும் மின்னஞ்சல்களிலும் உலகம் முழுக்கப் போனது.

நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் கம்பம் ஆலயத்தைக் காப்பாற்றியது என்று சொல்லும்போது, கூப்பிடு தூரத்தில் சீனிவாசபுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? கடவுள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டார், உன் குடிசையைப் பார்க்கவில்லை என்றுதானே? ஆலயம் மேட்டில் இருந்தது என்ற சாதாரண விளக்கம் அவளை இப்படிக் குத்தாது.

இங்கேதான் கவனமாக வாசிக்கிற பழக்கம் கைகொடுக்கிறது. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை இயேசு எடுக்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். தப்பித்ததையும் செத்ததையும் கடவுளின் கணக்குப் புத்தகமாக வாசிக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கம்பத்தின் கதையைச் சொல்கிற வாய் இந்தப் பகுதியையும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் உண்மையாக நடந்த பெரிய விஷயம், வீடிழந்தவர்கள் ஆலய வளாகத்துக்குள் ஓடி வந்ததும் அவர்களுக்கு இடமும் சோறும் கிடைத்ததும்தான். 'தோமாவின் பணிகள்' நூலின் அரண்மனைக் கதையோடு அதுதான் பொருந்துகிறது.

இந்த மாதிரி விஷயங்கள் குருமார்களுக்குத் தெரியாதவை அல்ல. செமினரிகளில் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயலுக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஆனால் அங்கே படித்தது பிரசங்க பீடம் வரை வருவது அபூர்வம். ஜனங்கள் தாங்கமாட்டார்கள் என்ற பயம். இதனால் என்ன ஆகிறது? வீட்டில் கேட்க முடியாத கேள்வியோடு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர், தோமா வந்ததற்கு ஆதாரமே இல்லை தெரியுமா என்று சிரிக்கிறார். இத்தனை நாள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. சந்தேகத்தைவிட, மறைத்தார்கள் என்ற எண்ணம்தான் அதிகம் பேரை ஆலயத்தைவிட்டு வெளியே கொண்டுபோகிறது.

யோவானின் இருபதாம் அதிகாரத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. தோமா நம்பமாட்டேன் என்று சொன்னதற்கும் இயேசு அவருக்குத் தோன்றியதற்கும் நடுவில் எட்டு நாள். அந்த எட்டாம் நாளில் தோமா எங்கே இருந்தார்? மற்றச் சீடர்களோடு, அதே வீட்டுக்குள் இருந்தார். பத்துப் பேர் பார்த்துவிட்டோம் என்று சொல்ல, ஒருவர் மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே. அவரை வெளியே போகச் சொன்னதாக யோவான் எழுதவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இயேசு வந்தபோதும், ஏன் கேட்டாய் என்று அவரை வெளியே தள்ளவில்லை. பார்க்காமல் நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் கையை நீட்டிக் காட்டினார்.

மயிலாப்பூருக்குத் தோமா வந்தாரோ இல்லையோ, அவர் பெயரில் இருக்கும் ஊரில் அந்த எட்டு நாள் இடமாவது கேள்வி கேட்கிறவர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? அடுத்த முறை ஏதாவது ஒரு வீட்டில் "சந்தேகத் தோமா" என்று சொல்ல வாய் வரும்போது, லாசருவின் ஊருக்குப் போகப் பயந்து மற்றவர்கள் நின்றபோது முதலில் கிளம்பியவரும் அதே தோமாதான் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது.